விமானி மடியில் ஐபேட்: வழி சரி... மழைப் படம் எத்தனை நிமிடம் பழசு?

அமெரிக்காவில் சொந்தமாகவோ வாடகைக்கு எடுத்தோ சிறிய விமானம் ஓட்டுபவர்களின் கையில் இப்போது பேப்பர் வரைபடத்தைப் பார்ப்பது குறைந்துவிட்டது. தொடையில் பட்டை போட்டுக் கட்டிய ஐபேட், அதற்குள் 'ஃபோர்ஃப்ளைட்' போன்ற ஒரு செயலி. ஓடுபாதை விவரம், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத வான்பரப்பு, எதிரே இருக்கும் மலையின் உயரம் என எல்லாமே ஒரே திரையில். நடுவில் குட்டியாக நகர்வது அவர்களுடைய விமானம்தான்.

வழி தவறிப்போகும் பயத்தை இது பெருமளவு போக்கிவிட்டது. ஆனால், அதே திரையில் தெரியும் மழைப் படத்தை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

எப்படி வந்தது இந்த வசதி?

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் அமைப்பு. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தார்கள். இருக்கும் இடத்தை 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம், கிளின்டன் அதிபராக இருந்தபோது அது நீக்கப்பட்டது. காம்பேக் நிறுவனத்தின் 'ஐபேக்' கையடக்கக் கணினி வந்ததும் அதே ஆண்டுதான். அதோடு ஜிபிஎஸ் ரிசீவரை இணைத்து விமானிகள் பறக்கத் தொடங்கினார்கள். உள்ளங்கை அளவு திரைதான். ஆனாலும் விமானத்திலேயே பொருத்தும் கருவிகளோடு ஒப்பிட்டால் விலை ரொம்பக் குறைவு. 2010ல் ஐபேட் வந்த பிறகு திரை சின்னது என்ற குறையும் போனது.

வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் வசதியுள்ள மாடல் வேணும், இல்லையென்றால் தனி ரிசீவர்.

மழைப் படத்தில் என்ன சிக்கல்?

ஜிபிஎஸ் காட்டுவது இந்த நொடியில் விமானம் இருக்கும் இடம். மழைப் படம் அப்படி அல்ல. தரையில் இருக்கும் வானிலை ரேடார் வானத்தை ஒருமுறை முழுசா அலசவே சில நிமிடங்கள் ஆகும். பிறகு பல ரேடார்களின் தகவலை ஒட்டி ஒரே படமாக்க வேண்டும். அதை விமானத்துக்கு அனுப்ப வேண்டும். திரையில் '1 நிமிடம் முன்பு' என்று வருகிறதே, அது படம் ஒட்டப்பட்ட நேரம். ரேடார் மழையைப் பார்த்த நேரம் அல்ல.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2012ல் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மோசமான சூழலில், படத்தில் உள்ள மிகப் பழைய தகவல், திரை சொல்வதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாகப் பழசாக இருக்கலாம் என்றது.

அதில் சொல்லப்பட்ட விபத்துகளில் ஒன்று, 2011 டிசம்பரில் டெக்சாஸின் பிரையன் நகருக்கு அருகே நடந்தது. புயல் மேகத்தில் சிக்கி நடுவானிலேயே உடைந்த சிறிய விமானத்தில் இருந்த 5 பேரும் இறந்தார்கள். விமானிக்கு வந்த மழைப் படம், அதில் காட்டிய நேரத்தைவிடப் பல நிமிடங்கள் பழையது. இடி மேகம் வளர்வதற்கும் நகர்வதற்கும் அந்தச் சில நிமிடங்களே தாராளம்.

அப்போ என்ன செய்யணும்?

மழையைச் சுற்றிக்கொண்டு தூரமாகப் போக வழி தேட இந்தப் படம் நல்ல உதவி. இரண்டு மேகங்களுக்கு நடுவே இடுக்கு தேடி நுழைவதற்கு உதவாது. கடுமையான இடிமழையிலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளியே இருங்கள் என்பதுதான் அமெரிக்க விமானத் துறையின் அறிவுரை. திரையில் 5 மைல் இடைவெளி பச்சையாகத் தெரிந்தாலும் அது நிஜத்தில் மூடியிருக்கலாம். சந்தேகம் என்றால் தரைக் கட்டுப்பாட்டு அறையிடம் ரேடியோவில் கேட்கலாம்.

டேப்லெட்டே திடீரென அணைந்துபோவதும் உண்டு. 35 டிகிரி செல்சியஸ் வரைதான் ஐபேடைப் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கண்ணாடி வழியாக வெயில் நேராக விழும் காக்பிட்டில் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. அதனால்தான் விவரமான விமானிகள் இரண்டாவதாக ஒரு போனிலும் அதே வரைபடங்களை முன்கூட்டியே டவுன்லோட் செய்து, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.