பிளஸ் டூ வாத்தியாருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

‘அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி’ என்று வாசலில் பலகை தொங்கினால், உள்ளே எல்லா வகுப்புக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது என்று நம்புவது சங்கரன்கோவில் பக்கம் சகஜம். பத்தாம் வகுப்பு வரை அது சரியாக இருக்கலாம். பிளஸ் ஒன்னுக்கு வரும்போதுதான் சிக்கல்.

தமிழ்நாட்டில் கல்லூரிகளில் இருந்த பி.யூ.சி. ஒழிந்து, 1978இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்குள் வந்தன. தனியார் பள்ளிகள் பலவற்றுக்கு ஆசிரியர் சம்பளத்தை மானியமாக அரசே கொடுத்துவந்தது. 1991–92 கல்வியாண்டிலிருந்து, புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கும் வகுப்புக்கும் மானியம் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்; தனியார் பள்ளிகள் சட்டத்தில் 14-ஏ என்ற பிரிவே இதற்காகச் சேர்க்கப்பட்டது. ஆக, அதற்குப் பிறகு உயர்நிலையிலிருந்து மேல்நிலைக்குத் தரம் உயர்ந்த உதவி பெறும் பள்ளியில், கீழ் வகுப்பு அரசுச் செலவு, மேல் வகுப்பு சுயநிதி. பலகை மட்டும் ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டை ஒரு கல்விக் கொள்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செலவைத் தட்டிக்கழித்த கதை அது. நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. இங்கிலாந்தில் 2024இல் பள்ளி ஆசிரியர்களுக்கு 5.5 சதவீத ஊதிய உயர்வுக்கு நிதி கொடுத்த அரசு, பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் மேல்நிலைக் கல்லூரிகளில் ஒரு பகுதியை விட்டுவிட, ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. காலியிடம் நிரம்பும்வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக எடுக்கப்படும் முதுகலை ஆசிரியருக்கு 2022இல் 12,000 ரூபாய் தொகுப்பூதியம் அறிவித்தார்கள், பிறகு 18,000 ஆக்கினார்கள். அதே வகுப்பு, அதே வேதியியல். ‘நாலு வருஷம் இருந்தா நிரந்தரம் ஆக்கிருவாங்க’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தற்காலிகப் பணி நிரந்தரத்துக்கு உரிமை தராது என்பது 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சம வேலைக்குச் சம ஊதியம் அரசின் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. இது சுயநிதி வகுப்பு ஆசிரியர் கையில் எடுக்க முடியாத ஆயுதம்.

அவர் நிலைமை வேறு. மாதக் கடைசியில் ஆபீஸ் ரூமில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர் ஒன்று நீட்டப்படும். அதில் எழுதியிருக்கும் தொகை ஒன்று, கவரில் இருப்பது வேறொன்று. வங்கியில் போட்டுவிட்டு, மறுநாள் பாதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கும் நிர்வாகங்களும் உண்டு. எம்.எஸ்சி., பி.எட். முடித்த பெண்கள், பக்கத்தில் வேறு வேலை இல்லாததால் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போடுங்கள், வேறு வழியில்லை என்றால். ஆனால் அந்த வவுச்சரைப் படமெடுத்து வையுங்கள், பாஸ்புக்கை மாதாமாதம் பதிந்து வையுங்கள், நியமன ஆணையைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் வழக்கு நிற்பது இந்தத் தாள்களின் மேல்தான்.

ஒரிஜினல் சான்றிதழை மட்டும் ஒப்படைக்காதீர்கள். சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்றால், உங்கள் கண்ணெதிரே சரிபார்க்கட்டும்.

மானியம் உள்ள பணியிடத்தில் ஆபத்து வேறு ரூபத்தில் வரும். லட்சக்கணக்கில் டொனேஷன் கேட்பார்கள். ‘அப்ரூவல் வந்ததும் அரியரோட மொத்தமா வாங்கிக்கலாம்மா’ என்பார் கரஸ்பாண்டென்ட். அந்த அப்ரூவல் கல்வித் துறை தர வேண்டியது. மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆண்டுதோறும் பணியிடம் கணக்கிடப்படுகிறது. அதே நிர்வாகத்தின் வேறொரு பள்ளியில் உபரி ஆசிரியர் இருந்தால், முதலில் அவரைத்தான் அங்கே மாற்ற வேண்டும் என்று துறை கோப்பைத் திருப்பி அனுப்பும். அதுவரை சம்பளம் இல்லை. இப்படி வருடக்கணக்கில் காத்திருந்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனவர்கள் ஏராளம். நிலத்தை விற்றுக் கொடுத்த டொனேஷனுக்கு ரசீது இருக்காது, திரும்ப வாங்குவதும் நடக்கிற காரியம் இல்லை.

பெற்றோருக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. பிளஸ் ஒன் சேர்க்கைக்கு அது துணை வராது. சுயநிதிப் பிரிவில் எவ்வளவு வாங்கலாம் என்பதைக் கட்டண நிர்ணயக் குழு தீர்மானிக்கும். அந்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள், கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளையை, டவுனில் பெயர் பெற்ற உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு வந்த தனியார் பள்ளி ஆசிரியர் பலருக்கும் பணிக்கொடை உண்டு என்பதே தெரியாது. 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்று சொன்னார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கு. எழுத்தில் கேளுங்கள், முப்பது நாளில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடையைக் கவனிக்கும் அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பள்ளி வருங்கால வைப்பு நிதியும் கட்டியாக வேண்டும். உங்கள் பெயரில் கட்டுகிறார்களா என்பதை யூ.ஏ.என். எண்ணைப் போட்டு ஃபோனிலேயே பார்க்கலாம்.

எந்தப் பிரிவு மானியத்தில் நடக்கிறது என்று பள்ளியில் கேட்டால் மழுப்புவார்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்புங்கள். பள்ளியின் பெயரைச் சொல்லி, பிளஸ் ஒன், பிளஸ் டூவில் மானியம் பெறும் பிரிவுகள் எவை, அனுமதித்த முதுகலைப் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, உபரி எத்தனை என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு, கூடவே தென்காசி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு.