தொகை எழுதாத காசோலை

வியாபாரத்தில் கைக்கு வரும் சரக்கைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பதிலுக்குக் கொடுப்பதை அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை. அதுவும் இன்றல்ல, மூன்று வருடம் கழித்துக் கொடுப்பது என்றால் கொடுப்பதாகவே தோன்றாது. இதனை விளக்க, அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

அங்கு என்.பி.ஏ. எனப்படும் போட்டித் தொடரில் 30 கழகங்கள் உள்ளன. கால்பந்தாட்டத்தில் வீரரை விற்றுப் பணம் வாங்குவார்கள். இங்கு நடப்பது பெரும்பாலும் பண்டமாற்று. வீரர் போகும்போது அவரது சம்பள ஒப்பந்தமும் கூடவே போகும். பண்டமாற்றில் இன்னொரு சரக்கும் உண்டு. ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களைக் கழகங்கள் வரிசைப்படி தெரிவு செய்கின்றன. தோற்ற கழகங்களுக்கே முன்னிடம் கிடைக்கும் வகையில் வரிசை அமைகிறது. வரப்போகும் ஆண்டுகளின் தெரிவு உரிமையையும் கைமாற்றலாம்.

2013 இல் புரூக்ளின் நெட்ஸ் கழகம் உடனடியாகச் சம்பியனாக விரும்பியது. பொஸ்டன் செல்டிக்ஸ் கழகத்திடமிருந்து கெவின் கார்னெட், போல் பியர்ஸ், ஜேசன் டெரி ஆகியோரைப் பெற்றது. முதலிருவரும் 2008 இல் பொஸ்டனைச் சம்பியனாக்கியவர்கள். ஆனால் கார்னெட்டுக்கு வயது 37, மற்ற இருவருக்கும் 35. பதிலுக்குச் சில வீரர்களுடன் 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவு உரிமைகளையும், 2017 இல் விரும்பினால் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் புரூக்ளின் கொடுத்தது.

விளைவு என்ன? முதல் பருவத்தில் 82 ஆட்டங்களில் 44 வெற்றி. சம்பியன் சுற்றுகளில் இரண்டாவதோடு வெளியேற்றம். சம்பள எல்லையைத் தாண்டியதற்கான வரி மட்டும் சுமார் 90 மில்லியன் டொலர். டெரி பருவத்தின் நடுவிலேயே போனார். பியர்ஸ் ஒரே பருவத்துடன் விலகினார். 2015 பெப்ரவரியில் கார்னெட்டும் போனார். சரக்கு தீர்ந்துவிட்டது, கடன் மட்டும் மிஞ்சியது.

2016-17 பருவத்தில் புரூக்ளின் 20 ஆட்டங்களில் மட்டுமே வென்று கடைசி இடத்துக்கு வந்தது. அந்தத் தோல்விகளின் பலன் பொஸ்டனுக்குப் போனது. 2016 இல் மூன்றாவது இடத்தில் ஜெய்லன் பிரவுனை எடுத்தது. 2017 இல் கிடைத்த முதலிடத்தை வேறொரு கழகத்துக்குக் கொடுத்து, மூன்றாமிடத்தையும் மேலுமொரு தெரிவு உரிமையையும் வாங்கி, ஜேசன் டேட்டத்தை எடுத்தது. இவ்விருவரையும் கொண்டே 2024 இல் சம்பியனானது.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. முழாரபாவில் வியாபாரம் குறைந்தால் கூட்டாளிக்குக் கொடுக்கும் இலாபப் பங்கும் குறையும். புரூக்ளின் செய்தது அதற்கு நேர்மாறு. தான் தோற்கத் தோற்க, கொடுக்க வேண்டியதன் பெறுமதி கூடியது. திகதி போட்டு, கையொப்பமிட்டு, தொகையை எழுதாமல் கொடுத்த காசோலை அது. தொகையை நிரப்பியது அதன் சொந்த நட்டமே.

பொஸ்டனுக்கும் இது இனாமாகக் கிடைக்கவில்லை. ஜெரால்ட் வாலஸ் என்பவரின் சுமையான ஒப்பந்தத்தையும் அது ஏற்றது. அடுத்த பருவத்தில் 25 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. பொறுமையும் ஒரு முதல்தான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013 இல் டேட்டத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. 2014 க்கான உரிமை 17 ஆவது இடமாகவே அமைந்தது. அதில் எடுத்த வீரர் நிலைக்கவில்லை. எனவே முடிவை மட்டும் வைத்துப் புரூக்ளினைக் குறை கூறக் கூடாது. கையொப்பமிட்ட அன்று தெரிந்ததை வைத்தே எடைபோட வேண்டும். வீரர்களின் வயது அன்றே தெரியும். கடன் ஐந்தாண்டு நீளும் என்பதும் தெரியும். தெரிவு முன்வரிசைக்குள் வந்தால் உரிமை எங்களிடமே இருக்கும் என்று நிபந்தனை போடும் வழக்கமும் அங்கு உண்டு. அதையும் போடவில்லை.

ஆகவே எந்தப் பரிமாற்றத்துக்கும் முன் நான்கு கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். வருவது எத்தனை காலம் உழைக்கும்? அதனோடு ஒட்டி வரும் செலவு என்ன? நான் கொடுப்பது எப்போது முடியும்? என் வியாபாரம் படுத்தால் அந்தக் கடன் குறையுமா, கூடுமா?

நான்காவதற்குக் 'கூடும்' என்பது பதிலானால், ஓர் உச்ச எல்லை எழுதப்படும்வரை பேனாவை மூடியே வைத்திருங்கள். எதிர்த்தரப்பு அந்த எல்லைக்கு மறுத்தால், அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது அப்போதே விளங்கிவிடும்.