மணி அடிக்கிறது, முகம் வரவில்லை

சாரல் விழும் ஆனி மாதம். குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கில் நுழைந்தேன். எல்லோர் பெயரும் திரையில் வரிசையாக நின்றது. முகமும் இல்லை, குரலும் இல்லை. சாட்டில் மட்டும் "சார், கேக்குதா?" என்று வந்துகொண்டே இருந்தது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் எல்லாம் சரியானது. அதுவரை மழையைத் திட்டியது வீண்.

விடுதி ரவுட்டர் நம் கருவிக்குத் தருவது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. அது காம்பவுண்டுக்கு வெளியே செல்லாது. நாம் கேட்டதற்கு வரும் பதிலை ரவுட்டர் உள்ளே விடும், கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும். சாட் போகும் வழி வேறு, குரலும் படமும் போகும் வழி வேறு. இரண்டாவதை, நெட்வொர்க்கின் காவல் சுவரான பயர்வால் மறித்தால் ஊமைப்படம்தான்.

தென்காசியில் 2011இல் கால் வைத்து மத்தளம்பாறையில் வளர்ந்த ஜோஹோவின் 'அரட்டை' செயலியானாலும், அமெரிக்க ஜூமானாலும் இந்தச் சுவரைத் தாண்டியாக வேண்டும். 'வெளியே என் முகவரி என்ன?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள 'ஸ்டன்' சர்வர் இருக்கிறது. நேர்வழி கிடைக்காவிட்டால் 'டர்ன்' சர்வர் நடுவில் நின்று பேச்சை வாங்கிக் கொடுக்கும். கடைசி வழி 443, வங்கித் தளங்கள் திறக்கும் அதே போர்ட். கொஞ்சம் இழுக்கும், ஆனாலும் பேசலாம்.

பயர்வாலையே அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை அது. கூகுள் மீட்டுக்கு 3478, ஜூமுக்கு 8801 முதல் 8810 வரை உள்ள போர்ட்டுகளை, யூடிபி நெறிமுறையில், வெளியே போகும் திசையில் மட்டும் திறந்துவிடுங்கள் என்று நெட்வொர்க் பார்ப்பவரிடம் கேட்டால் போதும்.

கல்லூரியோ அலுவலகமோ தன் நெட்வொர்க்கில் தடை போடலாம். இணைய நிறுவனம் அப்படிக் குறிப்பிட்ட செயலியைப் பாரபட்சமாக மறிக்கவோ மெதுவாக்கவோ கூடாது. 2018இல் திருத்தப்பட்ட உரிம விதி அது. அப்படி மறித்தால் அந்த நிறுவனத்திடமே புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. தொலைத்தொடர்புப் புகாரோடு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது.

"நான் சரி பண்ணித் தர்றேன், எனிடெஸ்க் போடுங்க" என்று யாராவது போனில் வந்தால் உஷார். நம் கருவியைத் தூரத்திலிருந்து இயக்கவிடும் அந்தச் செயலியும் உள்ளிருந்து வெளியே போகும் வழியில்தான் இணைகிறது; நாமே திறந்துவிட்டதை பயர்வால் தடுக்காது. பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு, உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.