யாரை எடுத்தால் ஆட்டம் காணும்?

அமெரிக்கக் கால்பந்துல ரொம்ப முக்கியமான ஆட்டக்காரர் யாருன்னு கேட்டுப் பாருங்க. நிறைய பேர் யோசிக்காமலே மெஸ்ஸின்னு சொல்வாங்க. கொஞ்சம் சீனியர் ரசிகர்னா பெக்காம். அவருக்கும் முந்தின தலைமுறைன்னா பீலே. வேடிக்கை என்னன்னா, இந்த மூணு பேருமே அமெரிக்கர்கள் இல்லை.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடுவோம். அமெரிக்காவில் 'ஃபுட்பால்'னா கையில் பிடிச்சுக்கிட்டு ஓடுற முட்டை வடிவப் பந்து. நாம சொல்ற கால்பந்துக்கு அங்கே 'சாக்கர்'னு பேரு. பேஸ்பால், கூடைப்பந்துக்கெல்லாம் பின்னாடி வரிசையில் நின்ன விளையாட்டு அது. அதனால அங்கே 'முக்கியமான ஆட்டக்காரர்' என்றால் அதிக கோல் அடித்தவர் என்று மட்டும் பொருள் இல்லை. அந்த விளையாட்டுக்கே ஓர் இடம் பிடித்துக் கொடுத்தவர் என்று பொருள்.

இதை எப்படி அளக்கிறது? நம்ம லேப்ல செய்ற மாதிரியே செய்வோம். ஒரு சர்க்யூட்டில் எந்தப் பாகம் முக்கியம்னு தெரியணும்னா, அதைக் கழட்டிட்டு ஆன் பண்ணிப் பார்க்கணும். அடுத்து, அந்த இடத்தில் வேற பாகத்தைப் போட்டால் ஓடுதான்னும் பார்க்கணும். இங்கேயும் இதே இரண்டு சோதனைதான்.

பீலேயில் தொடங்குவோம். 1975ல் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு வந்தார். 1977 ஆகஸ்டில் ஜெயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் நடந்த ஒரு ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தாங்க. அதே வருஷம் அக்டோபரில் ஓய்வு பெற்றார். அவர் ஆடிய என்.ஏ.எஸ்.எல். லீக், வரவுக்கு மீறிய செலவால் தள்ளாடி, 1984 சீசனோடு நின்றுபோனது. பீலே இல்லாம அந்தக் கூட்டம் வந்திருக்காது, சரி. ஆனால் அந்தக் கூட்டத்தால் லீக்கைக் காப்பாத்த முடியலையே!

அடுத்து, அதிகம் பேருக்குத் தெரியாத பால் கலிஜியூரி. 1989 நவம்பர் 19, டிரினிடாட் நாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயின். டிரா ஆனாலே டிரினிடாடுக்கு உலகக் கோப்பை வாய்ப்பு. கலிஜியூரி தூரத்திலிருந்து இடது காலால் அடிச்ச ஒரே கோல், அமெரிக்காவை 40 வருஷத்துக்குப் பிறகு உலகக் கோப்பைக்குக் கூட்டிட்டுப் போனது. அவரைக் கழட்டினால்? மானம் போயிருக்கும். ஆனால் 1994 உலகக் கோப்பையை நடத்தும் உரிமை 1988லேயே அமெரிக்காவுக்குக் கிடைச்சாச்சு. அதற்காகக் கொடுத்த வாக்குப்படி 1996ல் எம்.எல்.எஸ். லீக்கும் தொடங்கிடுச்சு. அந்தக் கோல் இல்லாவிட்டாலும் இந்த இரண்டும் நடந்திருக்கும்.

லேண்டன் டோனவன்? நாட்டுக்காக 57 கோல். 2010ல் அல்ஜீரியாவுக்கு எதிரா கூடுதல் நேரத்தில் அவர் அடிச்ச கோலை இன்னும் பேசுறாங்க. எம்.எல்.எஸ்.ஸின் சிறந்த வீரர் விருதே இப்போ அவர் பேரில்தான் இருக்கு. ஆனால் கிளின்ட் டெம்சியும் அதே 57 கோல் அடிச்சிருக்கார்.

பெக்காம் கதை வேற மாதிரி. எம்.எல்.எஸ்.ஸில் ஒரு அணி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம்னு உச்சவரம்பு உண்டு. நட்சத்திர வீரர்களுக்கு அதை மீறிக் கொடுக்கலாம்னு 2007ல் விதியைத் தளர்த்தினாங்க. அதுக்குப் பேரே 'பெக்காம் விதி'ன்னு ஆயிடுச்சு. 2.5 கோடி டாலருக்குப் புதிய அணி ஒன்றை வாங்கும் உரிமையும் அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 2020ல் களமிறங்கிய இன்டர் மயாமி. 2023ல் மெஸ்ஸி வந்து சேர்ந்ததும் அங்கேதான். ஆக, மெஸ்ஸிக்கான ஓட்டில் பாதி பெக்காமுக்குச் சேரணும். முதல் சோதனையில் இவர் பாஸ். ஆனால் இரண்டாவது? பணம் இருந்தால் இன்னொரு நட்சத்திரத்தை வாங்கலாம். அந்த விதியின் நோக்கமே அதுதானே!

இதுவரைக்கும் சொன்ன பெயர்களைத் திரும்பப் பாருங்க. எல்லாரும் ஆண்கள். ஆனால் அமெரிக்க ஆண்கள் அணி, 1930ஐ விட்டுட்டுப் பார்த்தால், உலகக் கோப்பையில் காலிறுதியைத் தாண்டியதே இல்லை. பெண்கள் அணி 1991, 1999, 2015, 2019 என நாலு தடவை கோப்பையைத் தூக்கியிருக்கு. அப்போ விடையையும் அங்கேதானே தேடணும்?

என் ஓட்டு மியா ஹாமுக்கு. 15 வயசில் தேசிய அணி. மொத்தம் 158 கோல். 2013 வரைக்கும் ஆண், பெண் யாருமே சர்வதேச ஆட்டங்களில் அவ்வளவு அடிச்சதில்லை. 1999 உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தப்போ, அந்த அணியின் முகமே அவங்கதான். மைக்கேல் ஜோர்டனோடு சரிக்குச் சரி மோதுற மாதிரி கேட்டரேட் விளம்பரம் வந்தது. ரோஸ் பவுலில் நடந்த இறுதிப்போட்டிக்கு 90,185 பேர். சீனாவோடு கோலே இல்லாத டிரா. பெனால்டியில் நாலாவதை ஹாம் போட்டாங்க, கடைசியைப் போட்டு ஜெயிக்க வச்சது பிராண்டி சாஸ்டெயின்.

இதுக்கு எதிர்வாதம் உண்டு. 1991 உலகக் கோப்பையில் 10 கோல் அடிச்ச மிஷெல் ஏக்கர்ஸ்தான் பெரிய ஆட்டக்காரர்னு சொல்லலாம். நியாயம்தான். ஆனால் சீனாவில் நடந்த அந்தப் போட்டியை அமெரிக்காவில் பார்த்தவங்க ரொம்பக் குறைவு. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தந்த 1972ஆம் ஆண்டின் 'டைட்டில் 9' சட்டம்தான் உண்மையான காரணம்னும் சொல்லலாம். அதுவும் சரி. ஆனால் சட்டத்தால் மைதானம் போட்டுத் தர முடியும். பந்தை எடுத்துக்கிட்டு அங்கே போகணும்னு ஒரு சிறுமிக்கு ஆசை வரணுமே? அதுக்கு ஹாம் மாதிரி ஒருத்தரைப் பார்க்கணும்.

ஹாம் ஆடிய முதல் பெண்கள் தொழில்முறை லீக்கும் 2003ல் மூடப்பட்டது உண்மை. பீலேயின் லீக்குக்கு நடந்ததேதான். ஆனால் பின்னாடியே அடுத்த தலைமுறை வந்து நின்னது. 2013ல் தொடங்கிய என்.டபிள்யூ.எஸ்.எல். இன்னும் ஓடுது. 2022ல் ஆண்கள் அணிக்குச் சமமான சம்பளத்தையும் போராடி வாங்கிட்டாங்க.

பீலே, பெக்காம், மெஸ்ஸி மூணு பேரும் வேற நாட்டில் பேர் வாங்கிட்டு அங்கே வந்தவங்க. ஹாம் அந்த மண்ணிலேயே உருவானவங்க. அவங்க இடத்தில் போட வெளியிலிருந்து ஒரு பாகம் வாங்க முடியாது.

என் கணக்கு இது. உங்க கணக்கில் வேற பேர் வந்தால் தாராளமா வாதாடுங்க. ஆனால் எத்தனை கோல்னு எண்ணுறதுக்கு முன்னாடி, அந்த ஆளைக் கழட்டிப் பாருங்க.