டிவிக்குப் பின்னால் ஸ்டிக், ஊருக்கு முன்னால் மலை

தேனியிலிருந்து வருசநாடு போகும் பஸ் கண்டமனூரைத் தாண்டினால் மலைகள் கிட்டே வந்துவிடும். மேற்கே மேகமலைத் தொடர், தெற்கே வருசநாட்டு மலை, நடுவில் மூல வைகை. அதன் கரையில் கடமலைக்குண்டு. தென்னையும் இலவமும் விளைகிற இந்தப் பள்ளத்தாக்கில் டிவி படம் தெளிவாக வருமா, வராதா என்பது மிக நீண்ட காலம் மலையைப் பொறுத்த விஷயமாகவே இருந்தது.

ஆன்டெனா காலத்து தூர்தர்ஷன் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறவை. நடுவே மலை நின்றால் அதன் மறுபக்கம் நிழல் விழும். அந்த நிழலில் இருக்கும் வீட்டுக்குப் படத்துக்குப் பதில் புள்ளி மழைதான். கொடைக்கானல் மலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் வைத்ததற்குக் காரணமே அதுதான். உயரத்திலிருந்து அனுப்பினால் நிழல் குறையும். அதற்கு முன்பு தென்தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி, 1982-இல் தொடங்கிய ரூபவாஹினியைப் பார்த்தார்கள். சிங்களம் புரியாவிட்டாலும் படம் தெளிவாக வந்ததே பெரிய விஷயம்.

பிறகு கேபிள் வந்தது. 2006-இல் அரசின் இலவச கலர் டிவி, 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள். கூரைகளில் டிஷ் முளைத்தபோது மலை தோற்றுப்போனது என்றே சொல்லலாம். டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு நேர் மேலே நிற்கிறது. தேனி மாவட்டத்திலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் இருக்கும். அவ்வளவு செங்குத்தாக இறங்கும் அலையை மேகமலை எப்படி மறைக்கும்?

இப்போது டிவியின் பின்னால் செருகும் ஸ்டிக்கின் காலம். படம் மறுபடியும் தரைவழியாக வருகிறது. செல்போன் டவர் வழியாகவோ, கம்பத்துக்குக் கம்பம் இழுத்த ஃபைபர் வழியாகவோ. மலையும் மறுபடி கணக்கில் சேர்ந்துகொண்டது.

ஸ்டிக் என்பது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய முழுக் கணினி. அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக் 2017-இல் 3,999 ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதற்குள் 1 ஜிபி ரேமும் 8 ஜிபி சேமிப்பிடமும் இருந்தன. அதற்கு முன்பே, 2013-இல், கூகுள் 35 டாலருக்கு குரோம்காஸ்ட்டை இறக்கிவிட்டிருந்தது. இவை டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் உட்கார்ந்ததும் டிவியின் சொந்த மூளைக்கு வேலை இல்லாமல் போகிறது. டிவி வெறும் திரை, யோசிப்பதெல்லாம் ஸ்டிக்.

அது என்ன யோசிக்கிறது? முழு எச்.டி. படம் ஒன்றில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட். நொடிக்கு 25 படம். பெருக்கினால் நொடிக்கு 124 கோடி பிட் வருகிறது. இதை அப்படியே வீட்டுக்கு வீடு அனுப்ப எந்த டவராலும் ஆகாது. நடைமுறையில் வருவது 50 லட்சம் பிட், அதாவது 5 எம்பிபிஎஸ்; சுமார் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. மீதி 249 பங்கை அனுப்பாமலே படத்தைக் காட்டுவதுதான் வித்தை.

2003-இல் வந்த எச்.264 என்ற முறையும், அதற்குப் பத்தாண்டு கழித்து வந்த எச்.265-உம் இதைச் செய்கின்றன. முதலில் ஒரு முழுப் படம் வரும். அடுத்த படத்தில் என்ன மாறியது என்பது மட்டும் அதன் பின்னால் வரும். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, இந்தக் கட்டம் இவ்வளவு தூரம் இடப்பக்கம் நகர்ந்தது, அந்தக் கட்டம் அங்கேயே இருக்கிறது என்று குறிப்பு மட்டும் வந்து சேரும். குறிப்புகளைப் படித்து முழுப் படத்தை மறுபடி கட்டி எழுப்ப ஸ்டிக்கின் சில்லுக்குள் தனி மின்சுற்றே உண்டு. பழைய மலிவு டிவிகள் சில புது வீடியோக்களில் திக்கித் திணறுவது அந்தச் சுற்று இல்லாததால்தான்.

செய்தி வாசிப்பவர் பேசும்போது உதடும் கண் இமையும் மட்டுமே அசையும். குறிப்பு சொற்பம், படம் பளிச்சென்று வரும். சித்திரைத் திருவிழா நேரலையைப் பாருங்கள். வருசநாட்டு மலையில் பிறக்கும் இதே வைகையில், மதுரையில் அழகர் இறங்குகிறார். லட்சம் தலைகள் அசைகின்றன, தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், துளிகள் நாலாபுறமும் சிதறுகின்றன. ஒரு கட்டம்கூட முந்தைய இடத்தில் இல்லை. குறிப்பு எழுதியே மாளாது. 5 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடக்க வேண்டுமே என்று நுணுக்கங்களை வெட்ட, கூட்டம் சதுரம் சதுரமாகக் கரைந்துபோகும். டிவியில் கோளாறு என்று அந்த நேரத்தில் யாரும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

இன்னொரு விஷயம். படம் முழு நீளமாக வருவதில்லை. சில நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மங்கல், நடுத்தரம், தெளிவு எனப் பல தரங்களில் சர்வரில் வைத்திருப்பார்கள். முந்தைய துண்டு எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தது என்று பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று ஸ்டிக்கே முடிவு செய்யும். படம் போட்டவுடன் முகம் மங்கலாக இருந்து, சற்று நேரத்தில் துலங்குவது இதனால்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஊரே ஒரே டவரில் தொங்கும்போது தரம் இறங்குவதும் இதனால்தான். டவர் அலைகளில் 850 மெகாஹெர்ட்ஸ் அலை மேடு பள்ளங்களைச் சமாளித்து ஓரளவு வளைந்து வரும்; 2300 மெகாஹெர்ட்ஸ் அலை அப்படியில்லை. அதிகம் சுமப்பதோ இரண்டாவதுதான். மலைச்சரிவு வீடுகளுக்கு முதலாவதுதான் கிடைக்கும் என்றால் அதற்கேற்ற தரத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

பாக்கெட் கணக்கையும் போட்டுவிடலாம். 5 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி தரும் பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்த்தால் நாற்பதே நிமிடம். பாட்டு, சண்டை எல்லாம் சேர்த்து இடைவேளைகூட வராது. ஸ்டிக்கின் செட்டிங்கில் தரத்தை 1 எம்பிபிஎஸ் அளவுக்குக் குறைத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 32 அங்குல டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு இழப்பு அவ்வளவு பெரிதாகத் தெரியாது என்பது என் எண்ணம். தினமும் டிவி பார்க்கிற வீட்டுக்கு ஃபைபர் வந்தால்தான் ஸ்டிக் வாங்கியதில் அர்த்தம் இருக்கிறது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவது டான்ஃபிநெட் நிறுவனத்தின் பொறுப்பு. ஊராட்சி அலுவலகம் வரை வருவது ஒன்று, அங்கிருந்து வீட்டுக்கு வருவது வேறொன்று. பல ஊர்களில் அந்தக் கடைசித் தூரத்தை இழுத்துத் தருபவர் பழைய கேபிள்காரரேதான்.

போனிலிருந்து டிவிக்கு ‘காஸ்ட்’ செய்யும்போது போன்தான் படத்தை அனுப்புகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. போன் சொல்வது படத்தின் முகவரியை மட்டும். ஸ்டிக் நேரே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கல்யாண வீட்டுக்கு வழி சொன்னவர் பந்தி வரை கூட வர வேண்டியதில்லை. போனில் அப்புறம் தாராளமாகப் பேசலாம்.

ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எரிகிறது என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார். பார்த்தால் மின்சாரத்துக்கு டிவியின் யு.எஸ்.பி. துளையிலேயே வயரைச் செருகியிருப்பார்கள். பழைய டிவியின் யு.எஸ்.பி. 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான் தரும். ஸ்டிக் கேட்பது பெரும்பாலும் 5 வாட். “கூட வந்த அடாப்டரை பிளக்குல மாட்டுங்கண்ணே” என்பதோடு பாதிப் புகார் தீர்ந்துவிடும். மீதிப் பாதி வைஃபை பற்றியது. டிவியின் பின்புறம் இரும்புத் தகடு, அதற்குப் பின் சுவர். நடுவில் சிக்கிய ஸ்டிக்குக்கு அலை எட்டாது, சூடும் வெளியேறாது. பெட்டிக்குள் ஒரு குட்டி எச்.டி.எம்.ஐ. வயர் வரும், தேவையில்லை என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஸ்டிக்கை நாலு விரற்கடை வெளியே தள்ளி வைக்கத்தான் அது இருக்கிறது.

அரசு கொடுத்த 14 அங்குலப் பெட்டியை ஸ்மார்ட் ஆக்க முடியுமா? அதில் எச்.டி.எம்.ஐ. துளை கிடையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. துளைகள் இருந்தால், நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்துப் படத்தை வரவழைக்கலாம். ஆனால் அந்தத் திரையில் தெரிவது 576 வரிகள்தான். ஸ்டிக்கின் மெனு எழுத்துகள் எறும்புச் சாரியாய்த் தெரியும். செய்யலாம், செய்யத் தேவையில்லை.

எல்.இ.டி. டிவி இருப்பவர்கள் ‘ஸ்மார்ட்’ இல்லை என்பதற்காக அதை மாற்றுவது எனக்குப் பிடிக்காத காரியம். திரை பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைக்கும். மூளை அவ்வளவு நாள் தாங்காது. 2019 டிசம்பரில் சாம்சங்கின் 2010, 2011-ஆம் ஆண்டு ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரை நன்றாகத்தான் இருந்தது. ஸ்டிக்குக்கும் இதே விதி உண்டு. 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் 2025 மார்ச்சில் உலகம் முழுக்க ஒரே நாளில் முடங்கின. உள்ளே வைத்திருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் பத்தாண்டு ஆயுள் முடிந்திருந்தது. கூகுள் திருத்தம் அனுப்பிய பிறகே உயிர் வந்தது. வித்தியாசம் என்னவென்றால், ஸ்டிக் செத்தால் சில ஆயிரத்தோடு போகும்.

அந்தச் சில ஆயிரத்தையும் மிச்சப்படுத்தலாம் என்று பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை வாங்குவதுதான் ஆபத்து. அட்டைப்பெட்டியில் 4கே என்று போட்டிருக்கும்; திருட்டுத் தடுப்பு அனுமதி இல்லாததால் பெரிய ஓ.டி.டி. நிறுவனங்களின் படங்கள் அதில் சாதாரணத் தரத்தில் மட்டுமே ஓடும். அதைவிட மோசம், இத்தகைய பெட்டிகளில் பல தொழிற்சாலையிலேயே தீநிரலோடு வருகின்றன. இப்படித் தீநிரல் தொற்றிய கருவிகளின் பேட்பாக்ஸ் 2.0 என்ற கூட்டத்தைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. வீட்டு வைஃபையை யாரோ ஒருவர் தன் திருட்டு வேலைக்கு வாடகையில்லாமல் பயன்படுத்திக்கொள்வார். நமக்கு படம் நிற்பது மட்டும் தெரியும்.

ஸ்டிக் வந்துவிட்டது என்று டிஷ்ஷைக் கழற்றுபவர்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் ஒரே அலையை அனுப்புகிறது. கீழே ஒரு வீடு பார்த்தாலும் ஒரு கோடி வீடு பார்த்தாலும் அதற்குச் செலவு ஒன்றே. ஸ்டிக்கில் அப்படியில்லை, வீட்டுக்கு வீடு தனித்தனி ஓட்டம். 2023 நவம்பர் 19 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள் என்றால், அத்தனை தனி ஓட்டங்கள். ஒரே தெருவில் இருபது வீட்டில் ஆட்டம் ஓடினால் அந்த டவர் இருபது முறை அதே பந்தைச் சுமக்கிறது.

நேரமும் தள்ளிப்போகும். 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க அலைக்குக் கால் நொடிதான் ஆகும். மற்ற தாமதங்கள் சேர்ந்தாலும் டிஷ் சில நொடிகளோடு நிற்கும். ஸ்டிக்கில் துண்டு போட்டு, சேர்த்து வைத்து ஓட்டுவதால் அரை நிமிடம் வரை பிந்துவது சகஜம். பவுலர் ஓடி வரத் தொடங்கியிருப்பார். பக்கத்துத் தெருவில் சிக்ஸருக்குக் கூச்சல் எழுந்துவிடும். தேசிய முக்கியத்துவம் உள்ளவை என அறிவிக்கப்பட்ட ஆட்டங்களை தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-இலிருந்தே சட்டம் இருக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமும் இல்லை. ஆகவே படத்துக்கு ஸ்டிக், மேட்ச்சுக்கு டிஷ் என்று இரண்டையும் டிவியில் மாட்டி வைப்பதே உத்தமம். மழை வலுத்தால் டிஷ் கைவிடும், அந்த அலைநீளத்தை மழைத்துளிகள் உறிஞ்சிக்கொள்ளும். அப்போது ரிமோட்டில் ஸ்டிக்குக்கு மாறிக்கொள்ளலாம், கரண்ட் இருந்தால்.