பெயர் விசாரிப்பின் ஊடே ஒரு சுரங்கம்

2022 ஏப்ரல் 3ஆம் திகதி அதிகாலை, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளுக்கமைய நாடெங்கும் பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டு, அன்று பிற்பகலே தடை விலக்கப்பட்டது. அதற்கிடையில், அமைச்சராகவிருந்த நாமல் ராஜபக்ஷவே வி.பி.என். மூலம் தடையைக் கடந்து வந்து, இத்தகைய தடைகள் பயனற்றவை என எழுதியிருந்தார். 2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின் போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின்னரும் இதுவே நடந்தது. 2007இல் தமிழ்நெற் இணையத்தளம் தடுக்கப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை.

வி.பி.என்.னும் அடைபட்டால் எஞ்சும் ஒடுங்கிய வழிகளுள் ஒன்றே டி.என்.எஸ். சுரங்கம்.

இணையத்தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் இலக்க முகவரியைக் கேட்டறியும் ஏற்பாடே டி.என்.எஸ். 1983இல் போல் மொக்காபெட்ரிஸ் இதனை வகுத்தார். இந்த விசாரிப்பின்றி இணையம் இயங்காது என்பதால், ஏனைய வாயில்களை அடைப்போரும் இதனைத் திறந்தே வைக்கின்றனர். திருகோணமலைக் கோட்டைக்குள் இராணுவம் இருப்பினும், கோணேஸ்வரத்துக்கு அர்ச்சனைத் தட்டுடன் செல்வோருக்கு வாயில் திறந்தே இருக்கின்றதல்லவா? அத்தட்டின் பூக்களுக்கடியில் கடிதத்தை மறைத்துக் கொண்டுசெல்வது போன்றதே இச்சுரங்கம்.

இதற்கு ஒரு களப்பெயரும், வெளிநாட்டில் ஒரு சேவையகக் கணினியும் வேண்டும். களப்பெயரின் ஒரு கிளைக்கு அச்சேவையகமே பொறுப்பு எனப் பதிவு செய்தல் வேண்டும். பின்னர் 'அயோடின்' போன்ற மென்பொருளை இரு முனைகளிலும் இயக்கினால், பயனர் அனுப்பும் தரவு துண்டு துண்டாக எழுத்துகளாக மாற்றப்பட்டு, அக்கிளையின் பெயருக்கு முன்னே ஒட்டிக்கொள்ளும். இணையச் சேவை நிறுவனத்தின் கணினி அதைச் சாதாரண விசாரிப்பெனக் கருதி உரிய சேவையகத்துக்கு அனுப்பிவைக்கும். விடை திரும்பி வருகையில் மறுதரவும் அதனுள் வந்து சேரும். ஒரு பெயர் 253 எழுத்துகளையும், புள்ளிகளுக்கிடையேயான பகுதி 63 எழுத்துகளையும் விஞ்சலாகாது. ஆதலால் இவ்வழி நத்தை வேகத்திலேயே நகரும். செய்தி வாசிக்கலாம், காணொளி பார்க்க நினைப்பது பேராசை.

ஆயினும், மறைந்து செல்வதாக எண்ணி எவரும் ஏமாறலாகாது. அயோடின் தரவை மறைகுறியாக்குவதில்லை, அதனுள்ளே எஸ்.எஸ்.எச். போன்ற பாதுகாப்பைத் தனியே சேர்த்தல் வேண்டும். அவ்வாறு செய்தாலும், ஒரே களப்பெயரை நோக்கி அர்த்தமற்ற நீண்ட பெயர்கள் ஆயிரக்கணக்கில் செல்வது சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் பளிச்செனத் தெரியும். நெருக்கடி வேளையில் செய்தி அனுப்புவோரின் பாதுகாப்பே இதில் தங்கியிருக்கின்றது. போர்க்காலத்தில் வடக்கில் செய்யப்பட்டது போன்று இணைப்பையே துண்டித்தால் இச்சுரங்கமும் பயன்தராது.

விடுதிகளில் கட்டணம் செலுத்தாமல் வைபையைப் பயன்படுத்தவும் சிலர் இதனை நாடுகின்றனர். அனுமதியின்றி அவ்வாறு நுழைவோர் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தை வாசித்துப் பார்ப்பது நன்று. தரவு திருடுவோரும் இதே வழியாகவே அலுவலகங்களிலிருந்து கோப்புகளைக் கடத்துகின்றனர். எனவே துறைமுக அலுவலகமாயினும் வைத்தியசாலையாயினும், தமது டி.என்.எஸ். சேவையகம் தவிர்ந்த வேறெந்தக் கணினியும் 53ஆம் இலக்க வாயிலூடாக வெளியே பேசாதவாறு தடுத்து, அச்சேவையகத்தின் பதிவேட்டையும் நாள்தோறும் பார்த்துவருதல் வேண்டும்.