கோடைமலைச் செலவு

சித்திரைத் திங்களின் நண்பகலில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பாறைக் குன்றுகளின்மீது வெறுங்காலோடு நிற்றல் எவர்க்கும் அரிது. நார்த்தாமலையும் குடுமியான்மலையும் சித்தன்னவாசலும் கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தாவன. ஆயினும் குளிர்ச்சி தருவன அல்ல. அவற்றின் உயரம் சிறிது. பாறையோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவின் முற்பகுதிவரை அனலை உமிழும். ஆதலின் கோடை விடுமுறை வந்ததும் இம்மாவட்டத்தார் பலர் கோடைக்கானலை நாடுகின்றனர். பழந்தமிழில் 'செலவு' என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. இன்று பணம் கைவிட்டுப் போவதைக் குறிக்கிறது. திட்டமின்றி மலையேறுவோர்க்கு இப்பிற்காலப் பொருளே முற்றும் பலித்துவிடுகிறது.

"மலையுச்சி ஞாயிற்றுக்கு அருகில் உள்ளதாயிற்றே! அங்கே வெப்பம் மிகுதியாக அன்றோ இருத்தல் வேண்டும்?" என்று மாணவர்களாகிய நீங்கள் வினவலாம். ஞாயிறு நமக்கு ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அத்தொலைவில் இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டாகாது. வெயில் காற்றை நேரே சூடாக்குவது சிறிதே. வெயிலால் சூடேறிய நிலமே தன்னைத் தழுவிய காற்றுக்கு வெப்பத்தை அளிக்கிறது. அக்காற்று மேலெழுங்கால், அங்கே அழுத்தம் குறைவாதலின் விரிகிறது. விரியும் காற்றுக் குளிர்கிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது, அழுத்தப்பட்ட காற்றால் குழாய் சூடாவதைக் கண்டிருப்பீர்கள். இஃது அதன் மறுதலை. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். கோடைக்கானல் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கணக்குப்படி 13 அல்லது 14 பாகை குறைதல் வேண்டும். மஞ்சும் மரநிழலும் சேர்ந்து இன்னும் சற்றுக் குறைத்துவிடும்.

இனி, எப்பொழுது செல்வது? மே மாதத்தில் சென்றோர் பலர் மலையைக் காட்டிலும் ஊர்திகளின் பின்புறத்தையே மிகுதியாகக் கண்டு திரும்புகின்றனர். அரையாண்டு விடுமுறையில் சென்றால் கூட்டமும் உண்டு, கடுங்குளிரும் உண்டு. தாழ்ந்த புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி படிவதும் உண்டு. காலாண்டு விடுமுறையே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. தென்மேற்குப் பருவமழை தணியும் காலம் அது. வெள்ளி அருவியில் நீர் நிறைந்து விழும். மாலையில் மழை வரக்கூடும். ஆதலின் காண வேண்டியவற்றை முற்பகலிலேயே கண்டுவிடுதல் நன்று.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகச் செல்லும் பாதை ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நீளமுடையது. புகைவண்டியை விரும்புவோர் கோடைக்கானல் சாலை நிலையத்தில் இறங்கலாம். பெயரைக் கண்டு மலை வந்துவிட்டதென மகிழ வேண்டா, அங்கிருந்து மேலும் 80 கிலோமீட்டர் பேருந்தில் ஏறவேண்டும். சாலை வளைந்து வளைந்து செல்லுமாதலின் வயிறு நிறைய உண்டபின் ஏறுதல் கூடாது. போகவும் வரவும் இரண்டு நாள் கழியும். ஆகவே மலையில் இரண்டு நாளேனும் தங்காவிடில் அலைச்சலே மிஞ்சும். கம்பளி உடையும், நடத்தற்கேற்ற காலணியும், குடையும், தண்ணீர்க்கு ஓர் எவர்சில்வர்ப் பாத்திரமும் போதும். நெகிழிப் புட்டிகளுக்கு அங்கே தடை உண்டு.

காண்பனவற்றுள் ஏரி முதலாவது. இயற்கையாய் அமைந்ததென்றே பலரும் எண்ணுகின்றனர். மதுரை ஆட்சியராய் இருந்த லெவிஞ்சு என்பார் 1863இல் ஓடைகளை மறித்துக் கரைகட்டி அமைத்தது அது. ஏரிக்குமேல், உயர்ந்த மேட்டில் ஞாயிற்றை ஆராயும் வானாய்வுக்கூடம் உள்ளது, 1899இல் நிறுவப்பெற்றது. சமவெளியின் தூசும் புழுதியும் எட்டாத தெளிந்த வானத்தின் பொருட்டே அவ்விடத்தைத் தேர்ந்தனர். ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வளி, புள்ளியின் நடுவினின்று புறநோக்கிப் பாய்வதை எவர்செடு என்னும் அறிஞர் 1909இல் அங்கிருந்தே கண்டறிந்தார்.

ஆயினும் பலர் காணாது திரும்புவது ஒன்றுண்டு, அதுவே சோலை. மலைமடிப்புகளில், பாசி போர்த்த குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டிற்கு அப்பெயர். அதன் அடியில் மக்கிய சருகு மெத்தைபோற் பரந்து, மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழை நின்ற பின்னரும் திங்கள் பலவாகச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடும். சோலையைச் சூழ்ந்த புல்வெளியும் அவ்வாறே நீரைக் காக்கும். சென்ற நூற்றாண்டில் அப்புல்வெளிகள் பலவற்றில் வாட்டில், பைன், தைல மரங்களை நட்டனர். இன்று மக்கள் விரும்பிச் சென்று படமெடுக்கும் பைன் காடும் அவ்வாறு நடப்பட்டதே. தைல மரத்தைப் பற்றிப் புதுக்கோட்டையார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் காடுகளிலும் அது பரந்து நிற்கிறது.

அச்சோலைநீர் நமக்கு அயலாரது அன்று. பழனிமலைத் தொடரின் வடசரிவில் இறங்கும் பொருந்தலாறு முதலியவை சண்முகநதியாகி அமராவதியிற் கலக்கின்றன. அமராவதி கரூர்க்கு அருகில், திருமுக்கூடலில் காவிரியை அடைகிறது. மேட்டூர்த் திட்டத்தின் பகுதியாக வெட்டப்பெற்ற கல்லணைக் கால்வாய் அக்காவிரிநீரை அறந்தாங்கிப் பகுதி ஏரிகள்வரை கொணர்கிறது. இடையில் அணைகளும் பாசனமும் பெரும்பகுதியைக் கொள்கின்றன. எஞ்சி வருவது சிறு பங்கே. எனினும் மலையில் ஓடையோரத்தில் எறியப்படும் குப்பை செல்லும் திசையும் இதுவேயாகும்.

மலை தாங்கும் அளவிற்கும் எல்லை உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சொந்த ஊர்தியிலும் வாடகை ஊர்தியிலும் செல்வோர் இணையவழியில் நுழைவுச் சீட்டுப் பெறும் முறை வந்தது. 2025 கோடையில், கோடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 ஊர்திகள், வார இறுதியில் 6,000 ஊர்திகள் என வரம்பும் வகுக்கப்பட்டது. ஆகவே சொந்த ஊர்தியில் செல்வோர் புறப்படுமுன் சீட்டைப் பெற்றுக்கொள்க. அரசுப் பேருந்தில் செல்வோர்க்கு இத்தொல்லை இல்லை. சன்னலோர இடம் கிடைத்தால் பள்ளத்தாக்கும் முழுமையாகத் தெரியும். திரும்பும் நாளில் காலையிலேயே இறங்கிவிடுதல் வேண்டும். பிற்பகலில் மஞ்சு சாலையை மூடினால் வண்டிகள் ஊர்ந்தே செல்லும், திண்டுக்கல்லில் ஊர் திரும்பும் வண்டி நமக்காகக் காத்திராது.